அனுமதியின்றி நெதர்லாந்து

ஓய்வுபெற இருபத்திரண்டு நாள் இருந்தபோது நான் நெதர்லாந்து போய்வந்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி மதியம் ஒன்று நாற்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்று நாற்பத்தெட்டுக்குத் திரும்பிவிட்டேன். நடுவில் ரசம் சாதம் ஆறிப்போனதைத் தவிர வேறு சேதம் இல்லை. இதை நான் சொல்லவில்லை, அலுவலகம் சொல்கிறது. முப்பத்துநாலு வருஷத்தில் அலுவலகம் சொன்னதை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் இல்லாததால்தான் நீங்கள் கண்காணிப்பாளர் ஆனீர்கள் என்று என் மனைவி கலைமணி சொல்வாள். அதைப் பாராட்டு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது படிவச் சீரமைப்பு வாரியத்தின் கடலூர் மண்டல அலுவலகத்தில். மற்ற இலாகாக்கள் மக்களிடம் என்னென்ன கேட்கலாம், அதை எத்தனை கட்டத்துக்குள் கேட்கலாம் என்று தீர்மானிப்பது எங்கள் பணி. தகப்பனார் பெயருக்கு எத்தனை கட்டம் என்பதற்காக மட்டும் ஒரு கமிட்டி இரண்டு வருஷம் உட்கார்ந்தது. இருபத்தாறு என்று முடிவாயிற்று. அதைவிட நீளமான பெயருள்ள தகப்பன்மார்கள் விஷயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

போன வருஷம் புதிய இணை இயக்குநராக செந்தமிழ்செல்வன் வந்தார். வந்ததும் அலுவலக வைஃபையில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் திங்கட்கிழமைதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட உத்தரவிட்டார். அதற்கு வெளிப்படைத்தன்மைப் பட்டியல் என்று பெயர். பெயர், பதவி, தேடிய சொல், தேடிய நேரம் என்று நாலு கட்டம். முதல் வாரமே தட்டச்சர் கோவிந்தசாமி மாட்டினார். வழுக்கையில் முடி நடுகிற சிகிச்சை பற்றி அவர் தேடியிருந்தார். அன்றிலிருந்து ஆபீஸில் யார் பார்த்தாலும் "என்னா சார், நடவு எப்போ?" என்பார்கள். பம்புசெட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று வாட்ச்மேன் கேட்டபிறகு, மனிதர் மதியச் சாப்பாட்டைத் தன் சீட்டிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அறுபது வயதில் ஒரு கோளாறு வந்தது.

கோளாறு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்த மறுநாள் எனக்குச் சிதம்பரத்தில் மூன்று நாள் பயிற்சி. ஓய்வுபெறப் போகிறவர்களுக்குப் புதிய படிவங்களைக் கையாளச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. மாத முடிவில் வீட்டுக்குப் போகிறவனுக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் பழக்கமில்லையே.

அண்ணாமலை நகர் போகிற வழியில் வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு பயிற்சி விடுதி இருக்கிறது. உள்ளே செல்போன் டவர் எடுக்காது. மொட்டைமாடியில் எடுக்கும், ஆனால் மாடிக் கதவைப் பூட்டி சாவியைக் கடலூரில் வைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் வாரியத்தின் வைஃபையில்தான் இருக்கவேண்டும். போனில் வருகைப் பதிவுச் செயலி ஒன்றும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அது நிமிஷத்துக்கு ஒருமுறை கடலூருக்குச் சொல்லும்.

முதல் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்து, ரசம் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டபோது ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. புராஸ்டேட் என்ற சொல்லும், பெரிதாகியிருக்கிறது என்பதும் மட்டும் புரிந்தது. என் பெரியப்பா இந்த இடத்தில் ஏதோ வந்துதான் செத்தார் என்று ஞாபகம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவரை தாங்காது, இப்போதே தெரியவேண்டும். வைஃபையில் தேடினால் திங்கட்கிழமை பலகையில் "சுப்பராயலு, கண்காணிப்பாளர், புராஸ்டேட் வீக்கம், மதியம் 1.41" என்று வரும். வாட்ச்மேன் அதற்கும் ஏதாவது ஒரு கேள்வி வைத்திருப்பான்.

அப்போதுதான் மச்சான் போட்டுக்கொடுத்த விபிஎன் நினைவுக்கு வந்தது. மச்சான் செம்பியன் என் மனைவியின் தம்பி. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். மும்பை, கோவா என்று சரக்கு விஷயமாக அலைகிறவன். இரண்டு மாதம் முன்பு ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் லாட்ஜில் தங்கியபோது என் போனைப் பிடுங்கி அதைப் போட்டான்.

"மாமா, லாட்ஜ் வைஃபைய நம்பி எதையும் தொறக்காதீங்க. எவன் எவனோ எட்டிப் பாப்பான். இந்தப் பச்ச பட்டன அமுக்குனீங்கன்னா போதும், நீங்க என்னா பாக்குறீங்கன்னு ஒரு பய கண்டுபுடிக்க முடியாது. வெளியூரு போனா நான் மொத வேலையா இதத்தான் அமுக்குவேன்."

"தப்பில்லையா செம்பியா?"

"கதவச் சாத்திட்டுக் குளிக்கிறது தப்பா மாமா?"

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். ஒரு சின்னக் கொடியும் நெதர்லாந்து என்ற பெயரும் வந்தன. அது அந்தக் கம்பெனியின் ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஏழு நிமிஷம் படித்தேன். அறுபது வயதில் பாதி ஆண்களுக்கு இது இருக்கிறதாம். புற்றுநோய் வேறு, இது வேறாம். மாத்திரைக்குக் கேட்குமாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொத்தானை அணைத்துவிட்டு வந்து ஆறிய ரசம் சாதத்தைச் சாப்பிட்டு, ஒரு கரண்டி மோரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த மாதத்திலேயே நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே வேளை அதுதான்.

திங்கட்கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்குப் பதிலாக மேசைமேல் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருந்தது.

"திரு. சுப்பராயலு, கண்காணிப்பாளர், என்பவர் 9.7 அன்று பயிற்சியில் இருக்கவேண்டிய வேளையில், உரிய அலுவலரின் முன்அனுமதி பெறாமலும், தடையின்மைச் சான்று பெறாமலும், விடுப்பு விண்ணப்பம் அளிக்காமலும் நெதர்லாந்து நாட்டிற்குச் சென்று திரும்பியது வருகைப் பதிவுச் செயலியால் கண்டறியப்பட்டுள்ளது. இதன்மூலம் அவர் வாரிய ஊழியர் ஒருவருக்கு ஒவ்வாத வகையில் நடந்துகொண்டுள்ளார். பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவேண்டியது."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தன்மேல் குற்றச்சாட்டு ஒன்று நிலுவையில் இருந்தால் யாரும் ஓய்வுபெற முடியாது என்பது எங்கள் வாரியத்து விதி. கடைசி நாள் மாலை தற்காலிகப் பணிநீக்க ஆணையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருஷம் முன்பு கணக்கர் லூர்துசாமிக்கு அதுதான் நடந்தது. பிரிவுபசார விழாவில் கழுத்தில் மாலையோடு மிக்சர் கொறித்துக்கொண்டிருந்த மனிதரிடம் ஆணையை நீட்டினார்கள். பல வருஷம் முன்பு காணாமல்போன ஒரு ஸ்டூல் சம்பந்தமான விவகாரம். அவர் இன்னும் மாதம் ஒருமுறை விசாரணைக்கு வருகிறார். வேலையிலும் இல்லாமல், ஓய்வும் பெறாமல், ஆபீஸ் வராந்தாவில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போகிறார். எனக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. அவ்வளவுதான்.

தகவல் ஒழுங்குப் பிரிவு அருண்குமாரிடம் போனேன். நல்ல பையன், இன்ஜினியரிங் படித்தவன். குறிப்பாணையைக் காட்டினேன்.

"சார், நீங்க விபிஎன் போட்டிருக்கீங்க. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆப் என்னா பண்ணும்னா, போன் எந்த லைன்ல வருதோ அந்த ஊரப் பதிஞ்சிடும். நீங்க நெதர்லாந்து லைன்ல வந்தீங்க, அதான் நெதர்லாந்து."

"தெரிஞ்சா நீயே எழுதிக் குடுத்திருக்கலாமே தம்பி?"

"எங்க சார் எழுதுறது? அறிக்கைப் படிவத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு. உள்நாடு, வெளிநாடு. விபிஎன்னுக்குக் கட்டம் இல்ல."

"கட்டம் போடுறதுதானேப்பா நம்ம ஆபீஸ் வேலை?"

"ஆமாம் சார். போட்டுக் குடுங்கன்னு போன வருஷமே எழுதினேன். அந்த ஃபைல் உங்க சீட்டுலதான் சார் இருக்கு."

போய்ப் பார்த்தேன், இருந்தது. நானே "பரிசீலிக்கலாம்" என்று எழுதி வைத்திருந்தேன். அன்று கையெழுத்து அழகாகவே விழுந்திருந்தது. இப்போது அதை எடுத்து நகர்த்தலாமா என்று அருண்குமாரைக் கேட்டேன். குற்றம்சாட்டப்பட்டவர் தன் வழக்கு சம்பந்தப்பட்ட கோப்பைத் தொட்டால் அது இரண்டாவது குற்றச்சாட்டு ஆகும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான்.

"விபிஎன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா இன்னும் மோசம் சார். வெளிநாடு போனதுக்கு விளக்கம் குடுத்தா போதும். வாரியத்துக்குத் தெரியாம மறைச்சுப் பாத்ததா ஆச்சுன்னா, என்னா பாத்தீங்கன்னு எழுதிக் குடுக்கணும். அத முப்பது நாளு போர்டுல ஒட்டணும். எல்லா மண்டல ஆபீஸ்லயும்."

முப்பது நாள், எல்லா மண்டலத்திலும். நான் எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.

விசாரணை அதிகாரியாக வெண்மதி மேடத்தைப் போட்டார்கள். விழுப்புரம் மண்டலத்திலிருந்து வந்திருந்தார். நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். அந்த மாதிரி ஆட்களிடம் சிக்கினால் தப்பிக்கவே முடியாது.

"நெதர்லாந்துக்கு எந்த நோக்கத்துக்காகப் போனீங்க?"

"நான் போகல மேடம். ஏழு நிமிஷத்துல சிதம்பரத்துலேர்ந்து நெதர்லாந்து போயிட்டு எப்பிடித் திரும்ப முடியும்? சிதம்பரத்துலேர்ந்து கடலூர் வரவே ஒண்ணரை மணி நேரம் ஆவுது."

"எப்படிப் போனீங்கங்கறது போக்குவரத்து சம்பந்தப்பட்ட விஷயம். அதுக்குள்ள நான் போகக்கூடாது. ஏன் அனுமதி வாங்காம போனீங்க, அதுதான் என் முன்னால இருக்கிற கேள்வி."

"எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லிங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாஸ்போர்ட் இல்லாமயா போனீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் பேனாவை எடுத்தார். அதுதான் இரண்டாவது குற்றச்சாட்டு ஆயிற்று.

சாட்சியாக விடுதிச் சமையல்காரர் இளவரசுவைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். பாவம், அவருக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொல்வது என்ற முடிவோடு வந்திருந்தார்.

"ரசம் ஊத்துனேங்க. ரெண்டு வாயி சாப்புட்டாரு. அப்புறம் போனப் பாத்தாரு, மொகமே மாறிப்போச்சு. படக்குனு எழுந்து போயிட்டாரு. எங்க போனாருன்னு நான் கேக்கலிங்க. ஏழெட்டு நிமிஷம் கழிச்சு வந்தாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. ஆனா சந்தோஷமா இருந்தாரு. மோரு கேட்டாரு."

"சந்தோஷமா இருந்தார்" என்பதை மேடம் அடிக்கோடிட்டார். வெளிநாட்டுப் பயணத்தின் தாக்கம் என்று ஓரத்தில் எழுதினார்.

விசாரணை காலை பத்தரையிலிருந்து ஒரு மணிவரை நடந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. அனுமதி கேட்டுக்கேட்டு வெளியே போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் மேடம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பத்து ஐம்பதுக்கு வெளியேறினார், பதினொன்று இருபத்தைந்துக்கு வெளியேறினார், பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வெளியேறினார். கடைசியில் வாசித்துக் காட்டியபோது, "குற்றம்சாட்டப்பட்டவர் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு அடிக்கடி வெளியேறும் இயல்புடையவர் என்பது விசாரணையின்போதே நேரில் கண்டறியப்பட்டது" என்று இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு மறுபடியும் அவசரமாக இருந்ததால் போட்டுவிட்டு ஓடினேன்.

இருபத்தொன்றாம் தேதி இணை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். செந்தமிழ்செல்வன் கோபப்படாத மனிதர். எதிரில் இருப்பவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை எப்போதும் அவர் முகத்தில் இருக்கும். நாற்காலி காட்டினார், காபி வரவழைத்தார். நான் காபியைத் தொடவில்லை, குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"சுப்பராயலு, வெளிநாடு போறது தப்பே இல்ல. அனுமதி இல்லாம போறதுதான் தப்பு. அந்த அனுமதிய அப்புறமா குடுத்துட்டா தப்பு நடக்கவே இல்லைன்னு ஆயிடும். பின்னேற்பு ஆணைன்னு அதுக்குப் பேர். உங்களுக்குத் தெரியாததா?"

"சார், நான் போகவே இல்லியே."

"அப்படிச் சொன்னா சிக்கல். போகலைன்னா நம்ம கருவி பொய் சொல்லுதுன்னு அர்த்தம். அந்தக் கருவியத் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு நான்தான் தலைவர். கமிட்டி பொய் சொல்லுமா?"

"விபிஎன்னு ஒண்ணு இருக்குங்க சார், அதப் போட்டா..."

"தெரியும், என் போன்லயும் இருக்கு. வெளியூர் டூர் போனா ஓட்டல் வைஃபைய நான் நம்பறதில்ல. நேத்துகூட சிங்கப்பூர் போட்டுத்தான் மேட்ச் பாத்தேன்."

"அப்போ உங்க பேரும் செயலியில வந்திருக்கணுமே சார்?"

அவர் பரிவோடு சிரித்தார். "இணை இயக்குநர்லேர்ந்து மேல இருக்கிறவங்களுக்கு இருப்பிடம்னு ஒண்ணு கிடையாது, சுப்பராயலு. பொறுப்பு மட்டும்தான். பொறுப்பு எங்க இருக்குன்னு எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. அத விடுங்க. ரெண்டு வழி இருக்கு. போனேன்னு எழுதிக் குடுங்க. பயண அறிக்கை நாலு நகல் வையுங்க. முப்பத்தொண்ணு சாயந்திரம் மாலையோட வீட்டுக்குப் போகலாம். இல்ல, மறைச்சுப் பாத்தேன்னு எழுதுங்க, என்ன பாத்தீங்கன்னும் எழுதுங்க. வெளிப்படைத்தன்மைக்கு நான் என்னைக்கும் தடையா இருக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கலைமணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட் விஷயத்தையும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா என்ன? மூணு மாசமா படுத்தா நாலு தடவ எழுந்திரிக்கிறீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"எல்லாருக்கும் வர்றதுதானாம். மாத்திரை போதுமாம்."

"அப்புறம் என்னாத்துக்கு மறைக்கிறீங்க? ஒடம்பு சரியில்லாதது ஒரு குத்தமா? அதையே எழுதிக் குடுத்துடுங்களேன்."

குற்றம் இல்லைதான். ஆனால் அது என்னுடையது. முப்பத்துநாலு வருஷத்தில் என் பிறந்த தேதி, அங்க அடையாளம், சாதி, சொத்து, கடன், கைரேகை எல்லாவற்றையும் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். இந்த ஒன்றையாவது நானும் நீயும் ஒரு டாக்டரும் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று அவளிடம் கேட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போனேன்னே எழுதிக் குடுங்க. எந்த ஊருக்கு வேணா போயிட்டு வந்ததா இருக்கட்டும். மொதல்ல வீட்டுக்கு வந்து சேருங்க."

பயண அறிக்கை எழுத செம்பியனை வரச்சொன்னேன். உறவில் நெதர்லாந்து பற்றி எதுவாவது தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனும் போனதில்லை, அங்கே ஒரு வியாபாரியோடு போனில் பேசியிருக்கிறான்.

"அங்க சைக்கிள் ஜாஸ்தி மாமா. பூ ஜாஸ்தி. பாலாடக்கட்டி ஜாஸ்தி. ஊரே கடல் மட்டத்துக்குக் கீழதான் இருக்குதாம். ஆனா தண்ணி உள்ள வராதாம்."

"நம்ம ஊரு கடலுக்கு மேலதானே இருக்கு? வருஷாவருஷம் நமக்கு மட்டும் எப்படிடா வருது?"

"அதையே எழுதுங்க மாமா. படிக்கிறவன் அசந்துடுவான்."

எழுதினேன். சென்ற நாள், தங்கிய காலம் ஏழு நிமிஷம், சந்தித்த அலுவலர்கள் யாருமில்லை, உண்ட உணவு இல்லை. வாரியத்துக்குக் கிடைத்த பயன் என்ற கட்டத்தில் மட்டும் வெள்ளநீர் பற்றி நாலு வரி. முதன்முதலாக என் வாழ்க்கையில் ஒரு படிவத்தை முழுப் பொய்யாக நிரப்பினேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அது ஒன்றுதான். முன்பெல்லாம் உண்மையை எழுதி எத்தனை முறை திருப்பி வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் ஆயாசமாக இருந்தது.

ஏற்றுக்கொண்டதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. "நம் கண்காணிப்பாளர் மிகக் குறுகிய காலத்தில் மேற்கொண்ட பயணமே இவ்வளவு பயனளித்துள்ள நிலையில், முறையான ஆய்வு மேலும் பயனளிக்கும்" என்பதால் இணை இயக்குநர் தலைமையில் ஐந்து பேர் கொண்ட குழு பன்னிரண்டு நாள் நெதர்லாந்து செல்ல முன்மொழியப்பட்டிருந்தது. அதன் 'பார்வை' பகுதியில் முதல் ஆவணமாக என் அறிக்கையைக் காட்டியிருந்தார்கள். வெண்மதி மேடம் பெயரும் குழுவில் இருந்தது. அருண்குமார் பெயர் இல்லை. அவன் விண்ணப்பித்தபோது தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் போகவேண்டிய அவசியமில்லை என்றார்களாம்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு விழா. கூட்ட அரங்கில் நாற்காலி போட்டிருந்தார்கள். கலைமணி பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செம்பியன் முந்திரிப் பொட்டலங்களோடு வந்திருந்தான். என் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது, தோளில் சால்வை விழுந்தது. மேசைமேல் ஓய்வு ஆணை ஒரு பழுப்பு உறையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாமே எனக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது.

செந்தமிழ்செல்வன் எழுந்து உறையைக் கையில் எடுத்துக்கொண்டார். "நம் மண்டலத்திலிருந்து முதன்முதலில் அயல்நாடு சென்றவர் சுப்பராயலு. சிலர் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். வாரியம் புரிந்துகொண்டது, மன்னித்தது, அனுமதித்தது. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை அவரைவிட நன்றாக அறிந்திருப்பதுதான் நல்ல நிர்வாகம். இப்போது அவர் தன் வெளிநாட்டு அனுபவத்தை இரண்டு வார்த்தை பகிர்ந்துகொள்வார். பிறகு ஆணையை வழங்குகிறேன்."

ஒலிபெருக்கியை என் முன்னால் நகர்த்தினார்கள். வழக்கமாகச் சொல்கிற நன்றிகளைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வரியே வரவில்லை. கைகழுவும் இடத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற அந்த ஏழு நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.

"எனக்குப் பேச வராதுங்க. கேட்டதால சொல்றேன். நான் அங்க ஏழு நிமிஷம்தான் இருந்தேன். அந்த ஏழு நிமிஷமும் ஒருத்தரும் எங்கிட்ட எதுவும் கேக்கல. பேரு கேக்கல, பதவி கேக்கல, எதுக்கு வந்தேன்னு கேக்கல. எனக்கு வேண்டியதப் பாத்துக்கிட்டேன், வந்துட்டேன். முப்பத்துநாலு வருஷத்துல அந்த ஏழு நிமிஷந்தாங்க நான் நிம்மதியா இருந்தது."

கோவிந்தசாமி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். கலைமணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் பேசியது அதிகப்படியோ என்று உறையைப் பார்த்தேன்.

செந்தமிழ்செல்வன் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். அவர் முகமும் இளகித்தான் இருந்தது.

"மிக முக்கியமான தகவல். ஒரு நாட்டுக்கு வந்த ஒருவரை ஏழு நிமிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை என்றால் அங்கே எவ்வளவு பெரிய குறை இருக்கிறது பாருங்கள். அவர்களிடம் படிவம் இல்லை! நம் ஆய்வுக்குழு அதை நேரில் கண்டறிந்து சரிசெய்துகொடுக்கும் என்று இந்த மேடையில் உறுதியளிக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் மாலையை ஒதுக்கிக்கொண்டு தட்டினேன். உறை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.